சாரா காத்தூனும் நானும் தூது போன கதை

வெள்ளிக்கிழமை, காலை

மெல்பேண் ரெயில் சிட்னி சென்ட்ரலில் இருந்து ஏழே முக்காலுக்குக் கிட்டப் புறப்படும். பென்டில் ஹில்லில் இருந்து மூத்தவன் நேசன் என்னை விடியவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். அவனுக்கு நகரத்தில்தான் வேலை. மேடையில் ஒரு வாங்கில் என்னை இருத்திவிட்டு என் பையைத் தூக்கிப் பார்த்தான்.

"என்னம்மா, கல்லோ கட்டிக்கொண்டு போறியள்?"

"மிளகாய்த்தூள்."

"மெல்பேணிலை மிளகாய்த்தூள் இல்லையோ?"

"நான் வறுத்த தூள் இல்லை."

"பிளேனிலை ஒண்டரை மணித்தியாலம். இதிலை பதினொரு மணித்தியாலம் குந்தியிருக்கப் போறியள். சொன்னாக் கேக்கிறியளோ?"

"பிளேனை நம்பி ஒருக்காப் பட்டது காணும்," என்றேன்.

அவன் வாயை மூடிக்கொண்டான். ஏன் மூடிக்கொண்டான் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் இந்தப் பயணத்தை நானேதான் எழுத வேண்டும். என் பிள்ளைகள் எழுதினால் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள்.

நாலு வருசத்துக்கு முன் இவர்களுடைய தகப்பன் சிட்னியில் தவறினார். இந்த நாட்டில் சுடலைக்கும் நேரம் எடுக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கு ஒரு மணித்தியாலம். அது முடிய முன்னமே அடுத்த குடும்பம் பூவோடு வெளியில் வந்து நிற்கும். இளையவன் குகன் மெல்பேணில் இருந்து வர வேண்டும். அன்றைக்கென்று அங்கே மூடுபனி. பிளேன் பிந்திப்போயிற்று. நேசன் வாசலைப் பார்த்தான், மணியைப் பார்த்தான், பிறகு பெட்டியை மூடச் சொல்லிப் பொத்தானை அழுத்திவிட்டான். இங்கே கொள்ளி என்பது ஒரு பொத்தான்தான். குகன் வாடகைக் காரில் வந்து இறங்கும்போது ஐயர் சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். பெற்ற தகப்பனுக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட அவனுக்குக் கிடைக்கவில்லை. கார்கள் நிற்கும் இடத்தில், அத்தனை சனத்துக்கு முன்னால், அண்ணனின் சட்டையைப் பிடித்து, "அப்பரையும் அப்பொயின்ற்மென்ற் போட்டு எரிச்சனி, நீயும் ஒரு மனிசனோ?" என்று கத்தினான். அன்றைக்கு நின்றுபோன பேச்சு இன்று வரை நின்றுபோனதுதான்.

எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவன் கொள்ளி வைப்பான், தாய்க்கு இளையவன் வைப்பான். இது எல்லாருக்கும் தெரிந்தது. போன மாசம் இருதய டொக்டர் என் நெஞ்சுப் படத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் தொங்கப்போட்டார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் நேசன் சொன்னான்: "உங்கடை காரியத்தையும் நானே பாப்பன். அவன் வந்து என்ரை வாசலை மிதிக்கத் தேவையில்லை."

சாவுக்கு நான் பயப்படவில்லை. எண்பத்தொரு வயதில் அது ஒரு பெரிய விசயமும் இல்லை. இளையவனுடைய முறையை மூத்தவன் தன் கோபத்துக்காக எடுத்துக்கொள்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. இளையவனிடம் போய், நீ வந்து என்னை எரிக்க வேண்டும் என்று நேரில் கேட்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

ரெயில் வந்து நின்றது. நேசன் பையை உள்ளே வைத்துவிட்டு இறங்காமல் நின்றான்.

"சரி, வரச் சொல்லுங்கோ. நான் என்ன மிருகமே? ஆனா ஒண்டு. அண்டைக்குச் சனத்துக்கு முன்னாலை கத்தினதுக்கு அவன் மன்னிப்புக் கேக்க வேணும். அதே சனத்துக்கு முன்னாலை."

"அந்தச் சனத்திலை பாதி செத்துப்போச்சுதடா."

"மிச்சத்துக்கு முன்னாலை கேக்கட்டும். உங்கடை ஆட்டுக்காரனுக்கு இதைச் சொல்லுங்கோ."

குகன் பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவன். எங்களுடைய சரித்திரம் இல்லை. ஐந்நூறு அறுநூறு வருசத்துக்கு முந்தித் துருக்கிக்கும் ஈரானுக்கும் நடுவில் ஆண்ட துருக்மேனியர் என்ற சனத்தைப் பற்றி. அவர்களில் ஒரு அரச குலத்துக்கு வெள்ளைச் செம்மறி என்று பெயராம். அதை அறிந்த நாளில் இருந்து நேசனுக்குத் தம்பி ஆட்டுக்காரன்தான்.

வெள்ளிக்கிழமை, பகல்

சிட்னியில் இருந்து மெல்பேண் ரெயில் பாதையில் தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். காம்பெல்ரவுண் தாண்டினால் வீடுகள் குறைந்துவிடுகின்றன. கோல்பேண் வரும்போது வெளியில் குளிர் என்று கண்ணாடியைத் தொட்டாலே தெரிகிறது. அதற்குப் பிறகு புல்லும் கம்பி வேலியும்தான். வேலிக்கு அந்தப் பக்கம் செம்மறிகள். ஒரு காணியில் நூறு நிற்கும். அடுத்த காணியில் நூறு நிற்கும். நடுவில் ஒரு கம்பி. இரண்டும் ஒன்றையொன்று நிமிர்ந்தும் பார்ப்பதில்லை.

ரெயிலின் சாப்பாட்டுப் பெட்டியில் தேத்தண்ணி நாலரை டொலர். சுடுதண்ணிக்குள் ஒரு பை, தனியே ஒரு துளி பால். வாங்கிக் குடித்தேன். குடிக்கத்தக்கதாக இல்லை.

பக்கத்து இருக்கையில் ஒரு தமிழ்ப் பெண். மதுரைப் பக்கம். வாகா வாகாவில் நேர்ஸாக இருக்கிறாள். அவளே முதலில் கதை கொடுத்தாள்.

"ஆன்ட்டி, தனியாவா போறீங்க? அவ்வளவு தூரம்?"

"ஓம். சின்ன மகனைப் பாக்க."

"லீவுக்கா?"

"இல்லை. எனக்குக் கொள்ளி வைக்க வரச்சொல்லிக் கேக்கப் போறன்."

அவள் கையில் இருந்த பிஸ்கற்றைக் கீழே வைத்தாள். "ஐயோ, என்ன ஆன்ட்டி இப்படிப் பட்டுனு சொல்றீங்க!"

"கேட்டனி, சொன்னனான்."

பிஸ்கற் பெட்டியை என் பக்கம் நகர்த்தினாள். பிறகு, "எங்க வீட்லயும் அம்மாவுக்குக் கடைசிப் பையன்தான்," என்றாள். "எங்க தம்பி துபாய்ல இருந்தான். லீவு கிடைக்கல. போன்ல வீடியோவ ஆன் பண்ணி, எங்க மாமா கையில பிடிச்சுக்கிட்டு நின்னாரு. தம்பி அங்கேருந்து அழுதுக்கிட்டே 'வைங்க மாமா, வைங்க'ன்னான். பெரியண்ணன் வச்சாரு."

"வர மனமிருந்தது, வர வழியில்லை. அது வேறை," என்றேன். "என்ரை பிள்ளையளுக்கு வழி இருக்கு."

அவள் இறங்கும்போது என் பையில் இருந்து ஒரு சின்னப் போத்தல் மிளகாய்த்தூளை எடுத்துக் கொடுத்தேன். "காரமா இருக்குமா ஆன்ட்டி?" என்றாள். "மதுரையிலை பிறந்துபோட்டு இதைக் கேக்கிறியே?" என்றேன். சிரித்துக்கொண்டு போனாள். அந்தப் பயணத்தில் ஒருத்தர் என்னோடு சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான் என்று அப்போது தெரியாது.

ஓல்பரியில் ஆற்றைக் கடந்தால் அடுத்த மாநிலம். அதே புல், அதே கம்பி, அதே செம்மறி.

வெள்ளிக்கிழமை, மாலை

சதர்ன் குரொஸ் ஸ்ரேசனில் கூரை அலை மாதிரி வளைந்து கிடக்கிறது. அதன் கீழே குகன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தகப்பனைப் போலவே நிற்கிறான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"மெலிஞ்சு போனியள் அம்மா."

"நீ நரைச்சுப் போனாய்."

அண்ணன் எப்படி இருக்கிறான் என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவனுடைய வீடு கோபேர்க்கில். பெரிய தெருவின் பெயர் சிட்னி ரோட். சிட்னியின் பெயர் சொன்னால் முகம் சுளிக்கிறவன் அந்தத் தெருவில்தான் தினமும் ட்ராம் ஏறுகிறான். இரண்டு பக்கமும் துருக்கிக் கடைகள், லெபனான் கடைகள். ரொட்டி சுடும் வாசம் வீடு வரைக்கும் வருகிறது. மருமகள் சுதா கதவைத் திறந்தாள். நல்ல பிள்ளை. பையை வாங்கும்போதே காதோடு காதாக, "நானும் சொல்லிப் பாத்தனான் மாமி. கல்லிலை நார் உரிக்கிற வேலை," என்றாள்.

சனிக்கிழமை

காலையில் குசினி மேசையில் வைத்துக் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை.

"தம்பி, என்ரை காரியத்துக்கு நீ வர வேணும். நீதான் வைக்க வேணும்."

அவன் கோப்பையைச் சுற்றிக்கொண்டு இருந்தான். "அதை ஏனம்மா இப்ப கதைக்கிறியள்?"

"பிறகு நான் எப்பிடிக் கதைக்கிறது?"

சுதா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்கடை மூத்தவர் என்ன சொல்லுறார்?"

மன்னிப்பு விசயத்தைச் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கேட்டுவிட்டுச் சிரித்தான். சிரிப்பில் நல்ல சிரிப்பும் கெட்ட சிரிப்பும் உண்டு. இது இரண்டாவது.

"நீங்கள் இப்ப யார் தெரியுமோ அம்மா? சாரா காத்தூன்."

"அது ஆர்?"

அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னான். கதை சொல்லும்போது அவனுடைய முகமே மாறிவிடுகிறது. வாசிக்கிறவர்களுக்கு நான் விளங்கிக்கொண்டபடி சொல்கிறேன்.

வெள்ளைச் செம்மறிக் குலத்தில் அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் ஜஹாங்கீர், தம்பி ஹசன். தம்பி நெட்டை ஆள் என்றபடியால் நெடிய ஹசன் என்றுதான் ஊரே சொல்லுமாம். ஆட்சி அண்ணனிடம் இருந்தது. அவர்களுடைய தலைநகரம் அமீத். கறுத்த மதில் சுற்றி நிற்கிற ஊர். அண்ணன் ஊரில் இல்லாத நேரம் பார்த்துத் தம்பி வந்து ஊரைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் திரும்பி வந்தால் வாசல் பூட்டிக் கிடக்கிறது. அவன் மார்தின் என்ற மலைக்கோட்டைக்குப் போய் இருந்துகொண்டான். அதற்குப் பிறகு ஒருத்தனை ஒருத்தன் பிடிக்கப் படை எடுக்கிறதே வேலை. அண்ணன், தம்பியை அடக்க வேண்டும் என்று குலப் பகைவரான கறுத்தச் செம்மறிக்காரரிடமே போய் உதவி கேட்டானாம்.

"அவையின்ரை தாய்தான் சாரா காத்தூன்," என்றான் குகன். "ரெண்டு பேருக்கும் நடுவிலை போய் வந்து சமாதானம் பேசினவ. பெரிய தூதுக்காரி. மகன் தன்ரை ராச்சியத்துக்கு வேறை ஆளை நம்பேல்லை, தாயைத்தான் நம்பினவன்."

"பேசிச் சரிவந்ததோ?"

"கொஞ்ச நாளைக்கு."

பிறகு அந்தக் கிழவி ஒட்டோமான் சுல்தானிடமும் தூது போனாளாம். கடற்கரையில் திரபிசோன் என்று ஒரு பட்டணம். ஹசனின் மனைவி பிறந்த இடம். சுல்தான் அதைப் பிடிக்கப் படையோடு போகிறான். அவனைத் திருப்பி அனுப்ப ஹசன் தாயை அனுப்பினான். சுல்தான் அவளை அம்மா என்று கூப்பிட்டு, மரியாதை செய்து, தன்னோடேயே கூட்டிக்கொண்டு போனான். மலைப் பாதை மோசம். சுல்தானே இறங்கி நடக்க வேண்டிய பாதை. ஒரு பட்டணத்துக்காக ஏன் இப்படிக் கஷ்டப்படுகிறாய் என்று அவள் கேட்டாள். அவன் தன் சமயத்தைக் காரணம் சொன்னான். திரும்பவில்லை. பட்டணம் விழுந்தது. அங்கே கிடைத்த நகைகளில் கொஞ்சத்தை அவளுக்குக் கொடுத்து அனுப்பினானாம்.

"கேக்கப்போனது பட்டணம், கொண்டுவந்தது நகை," என்றான் குகன். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியை ரசித்துக் குடித்தான். அவனுக்கு அது நல்ல கதை.

"எனக்கு நீ என்ன தரப்போறாய்?" என்றேன்.

"நாளைக்கு நூலகத்திலை இதைப் பற்றித்தான் பேசுறன். வாங்கோ அம்மா. பிறகு கதைப்பம்."

ஞாயிற்றுக்கிழமை

நூலகத்து மண்டபம் வீட்டில் இருந்து நடை தூரம். உள்ளே போகக் காசு ஒன்றும் வாங்கவில்லை. ஒரு நாற்பது பேர் வந்திருப்பார்கள். முன் வரிசையில் துருக்கிக் கிழவர்கள், நல்ல கோட் போட்டுக்கொண்டு. பின்னால் படிக்கிற பிள்ளைகள். நானும் சுதாவும் நடுவில் இருந்தோம். அவன் ஆங்கிலத்தில் பேசப் பேச, சுதா என் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள்.

என் பிள்ளை நன்றாகப் பேசுகிறான். அதை மறைக்க வேண்டியதில்லை. தாளைப் பார்க்கவில்லை. ஒரு படத்தைக் காட்டினான், அமீத் நகரத்து மதில். நெருப்பில் கிடந்த சட்டி மாதிரிக் கறுப்பு. நெடிய ஹசன் கறுத்தச் செம்மறிக்காரரை அடித்து விழுத்தி, ஈரான் வரைக்கும் பிடித்து, தப்ரீஸில் இருந்து ஆண்டதைச் சொன்னான். அவன் செத்த கையோடு அவனுடைய மக்கள் இரண்டு பேர் மோதி, மூத்தவன் கலீல் சண்டைக்களத்தில் செத்ததைச் சொன்னான். அந்த இரண்டு பேரும் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாம். பிறகு பேரன்மார் நாட்டைத் துண்டு துண்டாக்கினார்கள். கடைசியில் ஹசனின் மகள் வயிற்றுப் பேரன் ஒருத்தன் வேறு கொடியோடு வந்து எல்லாவற்றையும் முடித்து வைத்தான்.

ஏன் இப்படிப் போனது என்று குகன் விளக்கினான். சுதா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அந்தக் குலத்தில் நாடு ஒருத்தனுடையது இல்லை, முழுக் குடும்பத்துக்கும் சொந்தம். யாருக்கு அடுத்த முறை என்று கட்டாயமான விதி கிடையாது. அதனால் ஒவ்வொரு ஆண்பிள்ளையும் முழுவதும் தனக்கு என்று நினைத்தான். வெளியில் இருந்து வந்த பகை அவர்களை முதலில் விழுத்தவில்லை. உள்ளே இருந்த பிடிவாதம்தான் விழுத்தியது.

சனம் கை தட்டியது. நான் தட்டவில்லை. எங்களுக்கு விதி இருக்கிறது. தகப்பன் இவனுக்கு, தாய் அவனுக்கு என்று பிணத்தைக்கூடப் பிரித்துக் கொடுத்துவைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் என் வீட்டில் என்ன நடக்கிறது? அதை இந்த மேடையில் நிற்கிறவன் ஏன் சொல்லவில்லை?

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நான் கையைத் தூக்கினேன். சுதா, "மாமி, வேண்டாம்," என்று என் முழங்கையைப் பிடித்தாள். நான் எழும்பிவிட்டேன்.

"தம்பி," என்றேன். தமிழில்தான். "அந்தச் சாரா காத்தூன் செத்த நேரம், அவவைத் தாட்ட இடத்துக்கு ரெண்டு பிள்ளையளும் வந்தவையோ? ஒருத்தன் மற்றவன்ரை முகத்தைப் பாத்தவனோ?"

மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. குகன் முதலில் என்னைப் பார்த்தான். பிறகு சனத்தைப் பார்த்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னான். அவர்கள் தலையாட்டினார்கள்.

"என்ன சொன்னவன்?" என்று சுதாவிடம் கேட்டேன்.

அவள் குனிந்துகொண்டு சொன்னாள். "இவ என்ரை அம்மா. சாராவின்ரை கடைசிக் காலம் பற்றிக் கேக்கிறா எண்டு சொல்லுறார், மாமி."

நான் கேட்டதை அவன் கேட்கவில்லை. சுல்தானின் பாசறையில் கூட சாராவின் சொல்லை இப்படி மாற்றிச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு அவன் என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னான்: "நான் படிச்சதிலை அது இல்லை அம்மா."

பிறகு தேத்தண்ணியும் பக்லாவாவும் வைத்தார்கள். முன் வரிசைக் கிழவர்கள் இரண்டு பேர் தட்டுக்குப் பக்கத்தில் சத்தமாக வாக்குவாதப்பட்டார்கள். என்னவென்று கேட்டால், ஒருத்தருடைய முன்னோர் கறுத்தச் செம்மறிப் பக்கமாம், மற்றவருடையவர்கள் வெள்ளைச் செம்மறியாம். கறுத்தச் செம்மறிக்காரர்தான் நல்லவர்கள் என்று ஒருத்தர் மேசையில் தட்டினார். மற்றவர் தட்டையே தன் பக்கம் இழுத்துவிட்டார். ஆடுகளும் இல்லை, மேய்ந்த புல்லும் இல்லை. சண்டை மட்டும் மெல்பேணுக்கு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். குகன்தான் எல்லாரிலும் கூடச் சிரித்தான்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவன் தன் முடிவைச் சொன்னான்.

"நான் வருவன் அம்மா. உங்களுக்கு நான்தான் வைப்பன். ஆனா நான் நிக்கிற நேரம் அவன் அந்த மண்டபத்திலை நிக்கக் கூடாது. அவன் முதல் வந்து பாத்திட்டுப் போகட்டும். பிறகு நான் வாறன்."

"எனக்கு ரெண்டு செத்தவீடோ செய்யப்போறியள்?"

"அப்பருக்கு என்னை நிக்க விட்டவனோ?"

"அண்டைக்குப் பனி மூடினது. இப்ப என்ன மூடியிருக்கு?"

சுதா எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"நீங்கள் அவருக்கு இதைச் சொல்லுங்கோ," என்றான் குகன். "இதுதான் என்ரை பேச்சு."

திங்கட்கிழமை

திரும்பும் ரெயிலும் காலையில்தான். சதர்ன் குரொஸ் மேடையில் குகன் ஒரு பொதியை என் மடியில் வைத்தான். நல்ல கம்பளிப் போர்வை, மெல்லிய சாம்பல் நிறம், கரையில் பூ வேலை. விலைச் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டான். நூற்றுப் பத்தொன்பது டொலர்.

"ரெயிலுக்குள்ளை குளிரும் அம்மா."

சாராவுக்கு நகை கிடைத்தது, எனக்குக் கம்பளி. அவனிடம் அதைச் சொல்லவில்லை. தானே சொன்ன கதை தன் கையில் இருப்பது அவனுக்கே தெரியவில்லை என்றால் நான் என்ன சொல்லி விளங்கும்? போர்வையை மடித்துப் பையில் வைத்தேன். போர்த்திக்கொள்ளவில்லை. ரெயில் உண்மையிலேயே குளிர்ந்தது.

வழி நெடுக அந்தச் செம்மறிகள் இன்னும் நின்றன. பக்கத்து இருக்கையில் ஒரு வெள்ளைக்காரர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தூங்கினார். பேச ஆள் இல்லை. யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. மூத்தவனின் பேச்சு ஒரு பக்கம், இளையவனின் பேச்சு ஒரு பக்கம். இரண்டையும் நான்தான் சுமக்கிறேன். போகும்போது மிளகாய்த்தூள், வரும்போது இது. அந்தக் கிழவியும் மலைப் பாதையில் இப்படித்தான் நடந்திருப்பாள். அவளுடைய மகன்மார் அரசர்கள். ஒருத்தனுக்கு அமீத், ஒருத்தனுக்கு மார்தின். என் பிள்ளைகள் பிடித்துவைத்திருக்கிற கோட்டை எது? ஒரு சுடலைப் பொத்தான். அதற்கு இரண்டு ஆள்.

வாகா வாகா தாண்டும்போது முடிவெடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு நன்றாகத் தூக்கம் வந்தது.

செவ்வாய்க்கிழமை, பென்டில் ஹில்

எனக்குக் களைப்புத் தீரவில்லை என்று நேசன் அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றான். அவன் நின்றது என் களைப்புக்காக இல்லை. முதல் நாள் ஸ்ரேசனில் இருந்து வரும்போதே மூன்று தரம் கேட்டுவிட்டான். "என்ன சொல்லுறான்?" நான் பிறகு சொல்கிறேன் என்றேன்.

பத்து மணி போல் என் போன் அடித்தது. எனக்குக் காது மந்தம். அதனால் என் போன் எப்போதும் எல்லாருக்கும் கேட்கிற மாதிரித்தான் பேசும். மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தேன். நேசன் கார்த் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றான்.

"அம்மா, சுகமாய்ப் போய்ச் சேர்ந்தியளோ?" என்றது குகனின் குரல். பின்னால் ட்ராம் மணி கேட்டது. "சொன்னனீங்களோ அவனுக்கு?"

நேசன் நிமிர்ந்தான். "என்னவாம்?" என்று சத்தமில்லாமல் வாயால் கேட்டான். பேசினால் மற்றவனுக்குக் கேட்டுவிடும் அல்லவா, அதுதான்.

"ரெண்டு பேரும் கேளுங்கோ," என்றேன். "குகன், அண்ணன் இஞ்சைதான் நிக்கிறான். நேசன், தம்பி போனிலை நிக்கிறான். நான் ரெண்டு தரம் சொல்ல மாட்டன்."

போனை மேசை நடுவில் தள்ளி வைத்தேன்.

"நீங்கள் சொல்லிவிட்டதை நான் கொண்டுவரேல்லை. வழியிலை இறக்கிப்போட்டன். எனக்குக் கொள்ளி வைக்க ஒருத்தரும் வரத் தேவையில்லை. அந்தப் பொத்தானை அங்கை வேலை செய்யிற பெடியன் அழுத்தட்டும். ஆரெண்டு எனக்குத் தெரியாது. அவனுக்கு என்னோடை ஒரு கோபமும் இல்லை."

"அம்மா, என்ன விசர்க் கதை கதைக்கிறியள்?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். ஒரே சொல், ஒரே குரல், தகப்பனின் குரல். தங்கள் சத்தம் ஒன்றாய் வந்தது கேட்டதும் இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

நான் காத்திருந்தேன். சிட்னியும் மெல்பேணும் ஒரே மேசையில் இருந்தன. தொள்ளாயிரத்து ஐம்பது கிலோமீற்றரையும் நான் போய் வந்துவிட்டேன். மிச்சமிருந்தது கதவடிக்கும் மேசைக்கும் நடுவில் உள்ள இடம்தான். அதை அவர்கள்தான் நடக்க வேண்டும். தம்பி என்று ஒரு சொல், அண்ணை என்று ஒரு சொல், எது முதலில் வந்தாலும் நான் என் சொல்லைத் திருப்பி எடுத்திருப்பேன். ட்ராம் போகிற சத்தம் கேட்டது. திறப்புக் குலுங்குகிற சத்தம் கேட்டது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று பார்க்கவில்லை. போனை வைக்காமல், அணைக்காமல், அப்படியே மேசையில் விட்டுவிட்டுக் குசினிக்குப் போய் மத்தியானச் சோற்றுக்கு அரிசி களையத் தொடங்கினேன். பின்னால் ஒரு சத்தமும் வரவில்லை. அரிசித் தண்ணி தெளிகிற வரைக்கும் வரவில்லை.